கூலிக்காரர்களின் இரண்டு கூக்குரல்கள்

திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள் உவமையைக் கேட்டு எரிச்சல் வராதவர்கள் அதைச் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் சொல்வேன். இயேசு சொன்ன கதை, மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வீட்டெஜமான் ஒருவன் விடியற்காலையில் போய், நாளொன்றுக்கு ஒரு பணம் என்று பேசி ஆட்களைக் கூட்டிவருகிறான். அப்புறம் மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி என்று திரும்பத் திரும்பக் கடைத்தெருவுக்குப் போய் இன்னும் சிலரை அழைத்துவருகிறான். பதினோராம் மணி வேளையில், அதாவது நம் கடிகாரப்படி மாலை ஐந்து மணிவாக்கில், கடைசியாக ஒரு கூட்டம் வருகிறது. அவர்கள் செய்தது ஒரு மணி நேர வேலை. பொழுது சாய்ந்ததும் எல்லோருக்கும் ஒரே கூலி.

சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் இதைக் கேட்டபோது 'இது அநியாயம்' என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. பாடம் நடத்தியவர், தேவனுடைய கிருபை அப்படிப்பட்டது என்று சொல்லி அடுத்த கதைக்குப் போய்விட்டார். கிருபை என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேள்வி கேட்கக்கூடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நம்மில் பலர் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வளர்ந்தபின் நிதானமாக வாசித்தால் சில விவரங்கள் கண்ணில் படுகின்றன. கூலி கொடுக்கும் வரிசையைப் பாருங்கள். பிந்தி வந்தவர்களிலிருந்து தொடங்கு என்று எஜமான் தன் காரியக்காரனிடம் சொல்கிறான். முந்தி வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால், பேசிய கூலியை வாங்கிக்கொண்டு அவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். பின்னால் நின்றவனுக்கு என்ன கிடைத்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. எஜமான் வேண்டுமென்றே அவர்களை நிற்கவைத்துப் பார்க்கவைக்கிறான். இன்னொன்று, பிந்தி வந்தவர்கள் சோம்பேறிகள் இல்லை. ஏன் பகல் முழுதும் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ஒருவரும் எங்களுக்கு வேலை கொடுக்கவில்லை என்கிறார்கள். பகலெல்லாம் வேலைக்காகக் காத்து நின்றவன் வீட்டிலும் ராத்திரி பசிக்கும். கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிட வேண்டும், அவன் ஏழை, அதை நம்பி இருக்கிறான் என்று உபாகமம் 24 சொல்கிறது. ஒரு பணம் என்பது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் பிழைப்பு. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் கொடுத்தனுப்பினால் கணக்கு சரியாகிவிடும், ஆனால் அடுப்பு எரியாது.

(இதை ஒரு நிர்வாக முறையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மறுநாளும் அந்த எஜமான் இப்படியே செய்தால் விடியற்காலையில் கடைத்தெருவில் ஒருத்தனும் நிற்கமாட்டான். எல்லோரும் ஐந்து மணிக்குத்தான் வருவார்கள்.)

முந்தி வந்தவர்கள் என்ன இழந்தார்கள் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. பேசியது ஒரு பணம், கிடைத்தது ஒரு பணம். பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே என்பதுதான் அவர்களுடைய புகார். அவர்கள் பையிலிருந்து ஒரு காசும் போகவில்லை. அடுத்தவன் பைக்குள் போனதுதான் உறுத்துகிறது. எஜமானின் பதிலும் அதைத்தான் தொடுகிறது: "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?" வன்கண்ணன் என்றால் இங்கே பொறாமைக்காரன்.

லூக்கா 15-இல், கெட்ட குமாரன் உவமையில் வரும் மூத்த மகனும் இவர்களின் ஆள்தான். இத்தனை வருஷம் உழைத்த எனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லை, சொத்தை அழித்துவிட்டு வந்தவனுக்குக் கொழுத்த கன்றா என்று வெளியே நின்று கோபப்படுகிறான். எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது என்று தகப்பன் அவனைச் சமாதானப்படுத்துகிறார். இங்கேயும் மூத்தவனிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை.

இப்படிப்பட்ட கோபத்தை வேதாகமம் கண்டிக்கத்தான் செய்கிறது. மென்மையாக, கேள்வி கேட்டு, ஆனாலும் கண்டிக்கிறது. இதுவரைக்கும் எந்தப் பிரசங்கியாரோடும் எனக்குச் சண்டை இல்லை.

இப்போது யாக்கோபின் நிருபத்துக்கு வாருங்கள். ஐந்தாம் அதிகாரம், நான்காம் வசனம். அங்கேயும் கூலிக்காரர்கள், அங்கேயும் கூலியைப் பற்றிய கூக்குரல். வயலை அறுத்தவர்களின் கூலியை நிலக்காரர்கள் அநியாயமாகப் பிடித்துவைத்திருக்கிறார்கள். அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது, அறுத்தவர்களின் சத்தம் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்கிறார் யாக்கோபு. இவர்களைப் பார்த்து 'நீ வன்கண்ணனாயிருக்கலாமா' என்று யாரும் கேட்கவில்லை. பொறுமையாக இருங்கள் என்று சில வசனங்கள் தள்ளி ஆறுதல் சொல்லப்படுகிறது. ஆனால் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது, நியாயாதிபதி வாசற்படியில் நிற்கிறார் என்பது.

இரண்டு இடத்திலும் கூலிக்காரன் 'அநியாயம்' என்றுதான் கத்துகிறான். முதல் கூக்குரல், அடுத்தவனுக்குக் கிடைத்த இரக்கத்தைப் பார்த்து வந்தது. இரண்டாவது, தனக்கு இழைக்கப்பட்ட கொடுமையிலிருந்து வந்தது. முதலாவதை வேதம் திருத்துகிறது. இரண்டாவதை எந்த இடத்திலும் அதட்டி அடக்கியதாக எனக்குத் தெரியவில்லை. நம் சபைகளில் நடக்கும் பெரிய தவறு, முதலாவதுக்குச் சொல்லப்பட்ட பதிலை எடுத்து இரண்டாவதின் வாயில் திணிப்பது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இதைச் சொன்னால் உடனே வருகிற மறுப்புகள் லேசானவை இல்லை, அதனால்தான் கட்டுரை நீள்கிறது.

முதலில், இரண்டாவது கூக்குரல் எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்ப்போம். ஆதியாகமம் 4-இல், முதல் கொலை நடந்தவுடன், ஆபேலின் இரத்தத்தின் சத்தம் பூமியிலிருந்து என்னை நோக்கிக் கூப்பிடுகிறது என்கிறார் கடவுள். லூக்கா 18-இல் ஒரு விதவை, எனக்கு நியாயம் செய்யும் என்று ஒரு மோசமான நியாயாதிபதியை விடாமல் தொந்தரவு செய்கிறாள். சோர்ந்துபோகாமல் எப்படி ஜெபிக்க வேண்டும் என்பதற்கு இயேசு காட்டும் உதாரணம் அவள். எதிராளியை மன்னித்துவிட்டு வீட்டுக்குப் போ என்று அவளிடம் சொல்லவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 6-இல், கொல்லப்பட்ட இரத்தசாட்சிகள் பலிபீடத்தின் கீழிருந்து, எதுவரைக்கும் எங்கள் இரத்தத்துக்காகப் பழிவாங்காமல் இருப்பீர் என்று மகா சத்தமாகக் கேட்கிறார்கள். அவர்கள் இருப்பது பரலோகத்தில்! அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் இந்தக் கேள்வி அவர்களிடமிருந்து போகவில்லை. அவர்களுக்குக் கிடைப்பது வெள்ளை அங்கி, இன்னும் கொஞ்சக்காலம் இளைப்பாறுங்கள் என்ற பதில். கடிந்துகொள்ளல் இல்லை.

சரி, யோனா? நினிவேக்கு இரக்கம் கிடைத்ததற்காகச் செத்துப்போகிற அளவுக்குக் கோபப்பட்ட தீர்க்கதரிசி. அவரை மூத்த மகனோடு சேர்த்துப் பேசுவதுதான் வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. நினிவே அசீரியாவின் பெரிய நகரம். அசீரியா கி.மு. 722 வாக்கில் வட இஸ்ரவேல் ராஜ்யத்தை அழித்து, மக்களை நாடுகடத்திய வல்லரசு. யோனாவின் புத்தகத்தை வாசித்த இஸ்ரவேலருக்கு நினிவே என்ற பெயர் என்னவாகக் கேட்டிருக்கும் என்று யோசித்தால், அவருடைய கோபத்தை வெறும் வன்கண் என்று தள்ளிவிட முடியாது. கடவுளும் அவரைத் தள்ளவில்லை. ஓர் ஆமணக்குச் செடியைக் காட்டி, வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரியாத லட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களும் அநேக மிருகங்களும் இருக்கும் ஊருக்காக நான் பரிதபிக்க வேண்டாமா என்று கேட்கிறார். புத்தகம் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. யோனா என்ன சொன்னார் என்று எழுதப்படவில்லை.

ஆனால் வேதாகமத்தில் ஒரு புத்தகம் தாண்டினால் நாகூம் வருகிறது. அதே நினிவேதான். இங்கே அது இரத்தப்பழிகளின் நகரம். அதன் வீழ்ச்சியைக் கேட்கிற எல்லோரும் கைகொட்டுவார்கள், ஏனென்றால் உன் கொடுமை யார்மேல்தான் பாயாமல் போயிற்று என்று கேட்டு அந்தப் புத்தகமும் ஒரு கேள்வியோடுதான் முடிகிறது. நினிவே விழுந்தது கி.மு. 612-இல். இரண்டு புத்தகங்களையும் ஒரே தொகுப்பில் வைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. யோனாவை மட்டும் வைத்துக்கொண்டு நாகூமை எடுத்துவிட்டிருந்தால், அசீரியா மிதித்தவர்களுக்கு அந்த வேதத்தில் இடம் இருந்திருக்காது. யோனா பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். நாகூமை எடுத்துக் கேட்டதாக ஞாபகம் இல்லை.

எனக்கு வேண்டிய ஒரு அக்காவின் குடும்பச் சொத்துப் பங்கை அவருடைய கூடப்பிறந்த தம்பியே பொய்க் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டார். வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஊழியர் ஒருவர் இதைத் தெரிந்துகொண்டு எல்லோர் முன்னாலும் அவரிடம், "சிஸ்டர், ஆண்டவர் நமக்கு எவ்வளவு மன்னிச்சிருக்கார்! கசப்பை விட்டுடுங்க, கேஸை வாபஸ் வாங்கிடுங்க" என்றார். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாஸ்டர், ஆமா எடுத்தேன்னு அவன் இன்னும் ஒருதடவைகூடச் சொல்லலையே. நான் எதை மன்னிக்கிறது?" என்று கேட்டார். ஊழியர் பதில் சொல்லவில்லை, ஒரு பாட்டை எடுத்துக்கொடுத்தார்.

'கசப்பு' என்ற அந்த வார்த்தை நம் கூட்டங்களில் எபிரெயர் 12-இன் 'கசப்பான வேரை' நினைத்துச் சொல்லப்படுகிறது. அந்த வேர் உபாகமம் 29-இலிருந்து வருகிறது. அங்கே அது, கர்த்தரை விட்டு அந்நிய தெய்வங்களின் பின்னே போகிறவனைக் குறிக்கிறது. எபிரெயரில் அடுத்த வசனத்தில் வரும் உதாரணம் ஏசா, ஒருவேளைச் சாப்பாட்டுக்காகத் தன் சேஷ்டபுத்திர பாகத்தை விற்றவர். ஏமாற்றப்பட்டவளின் வலியை அடக்க அந்த வசனத்தை எடுப்பதற்கு, அது எழுதப்பட்ட இடத்தில் ஆதாரமே இல்லை.

இனி பெரிய மறுப்புக்கு வருகிறேன். மத்தேயு 18. ஏழுதரமாத்திரம் போதுமா என்று பேதுரு கேட்க, ஏழெழுபதுதரமட்டும் என்கிறார் இயேசு. அப்புறம் அந்தக் கதை. ஒரு ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனுக்கு முழுக் கடனும் தள்ளுபடியாகிறது. வெளியே போனவன் தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். ஒரு தாலந்து சுமார் 6,000 பணம் என்று கணக்கு வைத்தால் முதல் கடன் 6 கோடி பணம். இரண்டாவதைப்போல ஆறு லட்சம் மடங்கு. நூறு பணம் அற்பம் என்று சொல்லிக் கதையை எளிதாக்குகிறவர்கள் உண்டு. நூறு நாள் கூலி அற்பமில்லை. கூலிக்காரனைக் கேட்டுப் பாருங்கள். இயேசு வேண்டுமென்றேதான் நிஜமான ஒரு கடனைச் சொல்லியிருக்கிறார். ஆகவே நிஜமான இழப்பையும் மன்னிக்கத்தான் சொல்கிறார், அதிலிருந்து நான் தப்பப் பார்க்கவில்லை.

ஆனால் அந்த அதிகாரத்தை 21-ஆம் வசனத்தில் ஆரம்பிப்பது நம் பழக்கம், மத்தேயு அப்படி ஆரம்பிக்கவில்லை. ஆறாம் வசனத்தில், இந்தச் சிறியவரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனுடைய கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலமாயிருக்கும் என்று இருக்கிறது. இயேசுவின் வாயிலிருந்து வந்த மிகக் கடுமையான வார்த்தைகளில் ஒன்று. பதினைந்தாம் வசனத்தில், உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் போய் அவனிடம் அதைச் சொல் என்கிறார். கேட்காவிட்டால் இரண்டொருவரைச் சாட்சிக்குக் கூட்டிப் போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். பேதுருவின் கேள்வி இதற்குப் பிறகுதான் வருகிறது. கதைக்குள்ளேயும் பாருங்கள், கடன்பட்ட இருவருமே காலில் விழுந்து, பொறுமையாயிரும், கொடுத்துத் தீர்க்கிறேன் என்கிறார்கள். கடனே வாங்கவில்லை என்று யாரும் சாதிக்கவில்லை. அப்புறம், நடந்த கொடுமையைக் கண்டு துக்கப்பட்டு, போய் ராஜாவிடம் சொன்னவர்கள் மற்ற வேலைக்காரர்கள். 'நீங்கள் ஏன் அவனை மன்னிக்கவில்லை' என்று ராஜா அவர்களைக் கேட்கவில்லை. அவர்கள் சொன்னதன் பேரில் நடவடிக்கை எடுக்கிறார். மன்னிப்பைப் பற்றிய கதையிலேயே முறையீட்டுக்கு இவ்வளவு இடம் இருக்கிறது.

கடன் தள்ளுபடி என்றால் அந்தப் பணம் காற்றில் கரைந்துவிடுவதில்லை. 6 கோடியையும் ராஜா தன் கஜானாவிலிருந்து இழக்கிறார். மன்னிக்கிறவன்தான் இழப்பைச் சுமக்கிறான். அதனால்தான் கடன் கொடுத்தவனைத் தவிர வேறு யாரும் அதைத் தள்ளுபடி செய்ய முடியாது. பக்கத்தில் நிற்கிறவன் 'விட்டுவிடுங்கள்' என்று சொல்வதற்குச் செலவு ஒன்றுமில்லை. சிலுவையைப் பற்றிக் கிறிஸ்தவம் சொல்வதும் இதுதான் என்று புரிந்துகொள்கிறேன். ரோமர் 3:26-இல் பவுல், கடவுள் நீதியுள்ளவராகவும் பாவியை நீதிமானாக்குகிறவராகவும் ஒரே நேரத்தில் விளங்க வேண்டும் என்கிறார். நீதியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டால் சிலுவைக்கே அவசியமில்லை. 'போனால் போகட்டும்' என்று வானத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

1981 மே 13 அன்று புனித பேதுரு சதுக்கத்தில் போப் இரண்டாம் ஜான் பாலை மெஹ்மெத் அலி அக்ஜா சுட்டார். நான்கே நாளில் மருத்துவமனையிலிருந்து, என்னைச் சுட்ட சகோதரனை மன்னித்துவிட்டேன் என்று போப் அறிவித்தார். 1983 டிசம்பரில் ரோம் நகரச் சிறைக்கே போய் அக்ஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். சிறைக்கதவு அன்று திறக்கவில்லை. இத்தாலியக் குடியரசுத் தலைவர் அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2000-இல்தான். அதற்கும் பிறகு துருக்கியில் பழைய குற்றங்களுக்காகச் சிறை இருந்தது. ஒடிசாவின் மனோகர்பூரில் 1999 ஜனவரியில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெய்ன்ஸும் மகன்கள் பிலிப்பும் திமோத்தியும் வண்டிக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு வயது 10, 6. கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்றார் அவருடைய மனைவி கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ். வழக்கு அதன் பாட்டுக்கு நடந்தது. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இந்த இரண்டு பேரையும் மேடைகளில் உதாரணம் காட்டுகிறவர்கள் இந்தப் பின்பாதியை விட்டுவிடுகிறார்கள். இன்னொன்றையும் விட்டுவிடுகிறார்கள்: இரண்டு பேரையும் யாரும் கூட்டத்தில் நிறுத்தி மன்னிக்கச் சொல்லவில்லை.

தென்னாப்பிரிக்காவில் கதை வேறு மாதிரி. ஆர்ச்பிஷப் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் 1996-இல் விசாரணைகளைத் தொடங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், நிறவெறி ஆட்சிக்காலத்தில் அரசியல் காரணத்துக்காகச் செய்த குற்றத்தை முழுவதும் ஒப்புக்கொண்டவர்களுக்குப் பொதுமன்னிப்பு கொடுக்கலாம் என்று சட்டம் சொன்னது. உண்மையைச் சொன்னால் போதும், வருத்தம் தெரிவிக்க வேண்டியதில்லை. 1977-இல் போலீஸ் காவலில் இறந்த கறுப்பின உரிமைப் போராளி ஸ்டீவ் பிக்கோவின் குடும்பம் இதை எதிர்த்து அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றது. (பிக்கோ வழக்கில் பொதுமன்னிப்புக் கேட்ட போலீஸ்காரர்களுக்கு 1999-இல் அது மறுக்கப்பட்டது என்பது தனிக்கதை.) உள்நாட்டுப் போரைத் தவிர்க்க ஒரு நாடு அப்படி ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்திருக்கலாம். டுட்டு மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் அரசாங்கம் வழக்கைக் கைவிடுவதற்கு மன்னிப்பு என்று பெயர் வைக்கலாமா என்பதில் நான் பிக்கோ குடும்பத்தின் பக்கம். எங்கள் கடனை நீங்கள் எப்படித் தள்ளுபடி செய்வீர்கள் என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வி நியாயமானது.

அப்படியானால், எதிராளி தப்பை ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறான், நான் என்ன செய்வது? "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று தினமும் ஜெபித்துக்கொண்டே வேறு இருக்கிறேன்! இந்த இடத்தில் இயேசு சிலுவையில் சொன்னதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். தன்னை அறைந்தவர்களிடம் 'உங்களை மன்னிக்கிறேன்' என்று அவர் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று மேலே அனுப்புகிறார். கல்லெறியப்பட்ட ஸ்தேவானும் அதேபோல், இந்தப் பாவத்தை இவர்கள்மேல் சுமத்தாதிரும் என்று ஆண்டவரிடம்தான் சொல்கிறார். பழிவாங்குதல் எனக்குரியது என்கிற ரோமர் 12:19-உம் இதே திசையில்தான் போகிறது. கீழ்க் கோர்ட்டில் தீராத வழக்கை மேல் கோர்ட்டுக்கு மாற்றுவது மாதிரி. மாற்றுகிறவன் வழக்கைக் கைவிடவில்லை. தீர்ப்பு எழுதும் வேலையை மட்டும் தன் கையிலிருந்து விடுகிறான். ஒப்புக்கொள்ளாத எதிராளி விஷயத்தில் ஒரு விசுவாசியிடம் இதற்குமேல் கேட்க நமக்கு உரிமை உண்டா என்று எனக்குச் சந்தேகம். உறவு சரியாக வேண்டும் என்றால் அது அந்தப் பக்கத்தின் கையில் இருக்கிறது. வரி வசூலிப்பவரான சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்ன பிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்கிறார். சகேயு ஏமாற்றியவர்களைக் கூப்பிட்டு 'பெருந்தன்மையாக இருங்கள்' என்று சொல்லவில்லை.

தாவீதின் கதையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவள் கணவன் உரியாவைக் கொல்லவைத்துவிட்டு, சங்கீதம் 51-இல், தேவரீர் ஒருவருக்கே விரோதமாகப் பாவம் செய்தேன் என்கிறார். ஒருவருக்கே என்றால் உரியா யார்? நாத்தான் தீர்க்கதரிசி, கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார் என்று உடனே சொல்லிவிடுகிறார். (தாவீதுக்கும் பத்சேபாளுக்கும் பிறந்த குழந்தை செத்துப்போவதைப் பற்றி இங்கே ஆரம்பித்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். அதை நியாயம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.) மத்தேயுவின் முதல் அதிகாரத்து வம்சவரலாறு இந்த மனத்தாங்கலைக் கொஞ்சம் குறைத்தது. தாமார், ராகாப், ரூத் என்று பெண்களைப் பெயர் சொல்லி எழுதுகிறவர், பத்சேபாளிடம் வரும்போது, உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில் தாவீது சாலொமோனைப் பெற்றான் என்று எழுதுகிறார். தாவீதுக்கு மன்னிப்புக் கிடைத்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆன பிறகு, கிறிஸ்துவின் வம்சப் பட்டியலிலேயே கொலையுண்டவனின் பெயர் இருக்கிறது.

ஊழியத்தில் இருந்துகொண்டு ஒருவர் பெரிய தீங்கு செய்து மாட்டிக்கொண்டால், கொஞ்ச நாளில் அவரை மறுபடி மேடையேற்றுவதற்கு 'ஆண்டவரே மன்னித்துவிட்டார், நாம் யார்' என்று சொல்வதைக் கேட்கிறோம். தாவீதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். உரியாவின் பெயர் அந்தப் பேச்சில் வருகிறதா என்று கவனித்துக் கேளுங்கள்.

மன்னித்துத்தான் ஆகவேண்டுமா என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் கேட்பது வேறு. அந்த ஆள் இன்னும் உங்களுக்குத் தீங்கு செய்யும் இடத்தில் இருக்கிறாரா? எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாரா? நடந்ததை நம்பி ஒருவரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா? அப்புறம், முடிந்தால் சேர்ந்தே உட்கார்ந்து சங்கீதம் 94-ஐ வாசிப்போம், "நீதியைச் சரிக்கட்டுகிற தேவனாகிய கர்த்தாவே" என்று ஆரம்பிக்குமே, அதை. சத்தமாகவே வாசிக்கலாம். மத்தேயு 18-க்கு இன்னொரு நாள் வரலாம், அவசரமில்லை. வரும்போது ஆறாம் வசனத்திலிருந்து வாசிக்க வேண்டும்.